தீவகம் தந்த தனிநாயக அடிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் மிகச் சேய்மைக்கண் உள்ளது நெடுந்தீவு. பவளப் பாறைக் கற்களை அடுக்கி எழுப்பிய மதில்களும், காற்றுக்குத் தலைசாயாத பனங்கூடல்களும், கட்டின்றித் திரியும் குதிரைகளும் அத்தீவிற்குச் சென்று மீண்டார் நெஞ்சினின்றும் எளிதில் அகலா. தமிழகத்திலிருந்து வந்து யாழ்ப்பாணத்திற் குடியேறிய முதலிகளை வரிசைப்படுத்திக் கூறும் யாழ்ப்பாண வைபவமாலை, நெடுந்தீவிற்கு உரியராகத் தனிநாயக முதலி என்பவரைக் குறிப்பிடுகின்றது. வைபவமாலையின் செய்திகளை எல்லாம் வரலாறென ஏற்க ஒருப்படாதார் உளர். அவ்வழக்கு ஈண்டு வேண்டுவதன்று. வேண்டுவது அப்பெயரே. தீவார் சிலரே நினைவிற் கொண்டிருந்த அம்முதலியின் பெயர், உரோமாபுரியிற் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கத் துறவி ஒருவரின் பெயராகிப் பாரிசிலும் கோலாலம்பூரிலும் தமிழாராய்வார் நாவில் வழங்கலாயிற்று. சேவியர் தனிநாயக அடிகளே அவர்.

அடிகளாரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உலகத் தமிழ் மாநாடுகளினின்றே தொடங்குவர். அது பொருந்தாததன்று. ஆயினும் அடிகளார் வாழ்விலே என் உள்ளத்தைப் பெரிதும் ஈர்ப்பது அம்மாநாடுகளுக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு காலப்பகுதி. குருவாகிவிட்ட ஒருவர், தம் குருத்துவம் எதன்பொருட்டு என்பதைச் சிற்றூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஓயாப் பணிக்கிடையே கண்டுகொண்ட காலம் அது.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 2ஆம் நாள் வேலணைத் தீவின்கண் உள்ள கரம்பனிலே பிறந்தார். தந்தையார் நெடுந்தீவினர், கணபதிப்பிள்ளை என்னும் தமிழ்ப்பெயரோடு என்றி சுதனிசிலாசு என்னும் கிறித்துவப் பெயரும் உடையவர். தாயார் செசீலியா இராசம்மா கரம்பன் ஊரினர். கரம்பனை அடுத்துள்ளது ஊர்காவற்றுறை. பாய்க்கப்பல்களின் காலத்திலே அது வடபுலத்தின் பெருந்துறைகளுள் ஒன்று. ஒல்லாந்தர் வைத்துக் காத்த கடற்கோட்டை இன்றும் நீரின் நடுவே நிற்கின்றது. அத்துறையைச் சூழ்ந்த ஊர்களிற் கத்தோலிக்க நெறி போர்த்துக்கேயர் காலந்தொட்டு வேரூன்றியது. ஆதலின் அடிகளார்க்குச் சமயம் புதிதாகத் தேடிக் கண்ட பொருளன்று, தாய்ப்பாலோடு வந்தது. தேடிக் காணவேண்டியிருந்தது வேறொன்று.

ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியில் 1920 முதல் 1922 வரையும், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் 1923 முதல் 1930 வரையும் பயின்றார். இக்காலத்தே அன்னையார் காலமாயினார். தாயற்ற பிள்ளையின் துயரைப் பற்றி அடிகளார் விரித்துரைத்தவரல்லர்; யானும் கற்பனை செய்து எழுதப் புகேன். எனினும் யாழ்ப்பாணத்து வீடுகளின் இயல்பை அறிந்தார்க்கு ஒன்று விளங்கும். தலைவி மறைந்த இல்லத்திலே ஆண்மக்கள்மேல் ஏறும் கடன் பெரிது. படித்து உத்தியோகம் பெறுதல், உடன்பிறந்தாரை நிலைநிறுத்தல், முதியோரைப் பேணல், குடிப்பெயர் அழியாது காத்தல் ஆகிய எல்லாம் அவர்களை நோக்கியே நிற்கும். குருத்துவத்திற் புகுவான் இவற்றுட் பலவற்றைத் துறக்கின்றான். மணம் இல்லை, மக்கள் இல்லை, குடிப்பெயர் அவனோடு முடியும். அருகிருந்து பெற்றோரைப் பேணவும் இயலாது. மேற்றிராணியார் ஏவிய இடமே அவன் இடம். இத்துறவைச் சேவியர் என்னும் அவ்விளைஞர் பதினெட்டாம் வயதளவில் மேற்கொண்டார்.

கொழும்பிலுள்ள புனித பெர்னாது குருமடத்தில் 1931 முதல் 1934 வரை மெய்யியல் கற்று, பின்னர் உரோமாபுரி சென்று ஊர்பன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். 1938இற் குருப்பட்டம் பெற்றார். அங்கு அவர் ஆய்ந்த பொருள் கார்த்தேசுத் திருச்சபையின் குருக்களைப் பற்றியது. புனித சிப்பிரியானார் காலத்து வட ஆபிரிக்கத் திருச்சபையின் அமைப்பை நுணுகி ஆராய்ந்த அந்த ஈழத்து இளைஞர்க்கு, அந்நாளிலே தேவாரமும் திருவாசகமும் பெயரளவிலன்றித் தெரிந்திரா என்று கூறின் அது மிகையாகாது. இது அவர் குறையன்று. அக்காலத்து ஆங்கிலக் கல்லூரிகளின் கல்விமுறை அத்தன்மையது. இலத்தீனிற் கவிதை படிக்கத் தெரிந்து, குறுந்தொகை என்பது நூலோ ஊரோ என்று அறியாதார் யாழ்ப்பாணத்திலே ஒரு தலைமுறை முழுவதும் இருந்தனர். ஆயினும் உரோமையிலிருந்த தமிழ் மாணவரைக் கூட்டி வீரமாமுனிவர் பெயராற் கழகம் ஒன்று நிறுவினமை, நெஞ்சின் ஒரு மூலையிலே தமிழ்வேட்கை கிடந்தமையைக் காட்டுகின்றது.

குருவாகித் திரும்பிய அடிகளார் பணிபுரியச் சென்றது தம் தீவகத்திற்கன்று. தூத்துக்குடி மேற்றிராசனத்தைச் சார்ந்து, 1940இல் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியிலுள்ள வடக்கன்குளத்திற் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியராயினார். வடக்கன்குளம் சிற்றூரேயாயினும் கிறித்துவ வரலாற்றிற் சிற்றூரன்று. திருவிதாங்கூர் அரசிற் பணிபுரிந்த நீலகண்டபிள்ளை, மனைவியும் சுற்றமும் பதவியும் உடையராயிருந்தே புது நெறி நாடி, 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது அவ்வூரிலேதான். உயிரையே விலையாகக் கொடுத்த அவரைத் திருச்சபை 2022இற் புனிதராக அறிவித்தது. அத்தகைய மண்ணிலேதான் உரோமைக் கலாநிதி ஒருவர் கால அட்டவணையும் மாணவர் வரவேடுமாக ஐந்தாண்டு கழித்தார்.

பள்ளிக்கூட நிர்வாகம் எத்தன்மையது என்பதை இதனைப் படிக்கும் ஆசிரியர்க்கு யான் சொல்லவேண்டுவதில்லை. காலையில் மணி அடித்தது முதல் மாலையில் வாயில் அடைக்கும்வரை, தீர்க்கப்படும் ஒவ்வொரு வழக்கும் மற்றொன்றைப் பிறப்பிக்கும். பொழுது சாயும்போது உடல் மட்டுமன்றி அறிவும் அயர்ந்து கிடக்கும். குருவாயினார்க்கு இதன்மேலும் நாட்பலியும், கட்டளைச் செபமும், ஒப்புரவு கேட்டலும் உண்டு. பலர் இந்நிலையில் ஏதேனும் ஒன்றைத் தளரவிடுவர். அடிகளாரோ இச்சுமையோடு மற்றொன்றையும் ஏற்றார். மக்களுக்கு மறையுரை ஆற்றவும், உடன் ஆசிரியரோடு உரையாடவும் தம் தமிழ் போதாது என்று உணர்ந்து, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணாக்கராய் அமர்ந்தார்.

அக்காட்சியைச் சிறிது நின்று நோக்குதல் தகும். மாணாக்கர் கத்தோலிக்கக் குரு. பள்ளியின் துணைத் தலைவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வல்லவர். அகவை இருபத்தேழு கடந்தவர். ஆசிரியர் ஊர்ப் பண்டிதராகிய அந்தணர். இருவர்க்குமிடையே இருந்தது தமிழ் ஒன்றே. ஆண்டுகள் சில இங்ஙனம் சென்றன. பள்ளிவேலையின் களைப்பைப் பிறர் உறங்கிப் போக்கும் வேளையிலே அடிகளார் சங்க நூல்களையும் திருக்குறளையும் பத்திப் பாடல்களையும் பாடங் கேட்டார். எம்மனோர் ஐந்து வயதில் மனனஞ் செய்யத் தொடங்கிப் பொருள் உணராதே நெடுநாள் ஒப்பிக்கும் பாட்டுக்களை, இலத்தீனும் இத்தாலியமும் பயின்று முதிர்ந்த செவியோடு அவர் முதன்முறையாகக் கேட்டார். அவ்வியப்பு அவர் எழுத்தினின்றும் இறுதிவரை நீங்கவில்லை.

ஈண்டு ஒரு வினா எழாமற் போகாது. திருச்சபைக்கென்று தன்னை ஒப்புக்கொடுத்த குரு, பிற சமயத்தார் பாடிய பாட்டிலே தன் வாழ்நாளைச் செலுத்தலாமோ? மறைபரப்ப வந்தவர் தமிழ் கற்றல் புதிதன்று. அண்டிரிக்கே அடிகளும், வீரமாமுனிவரும், போப்பையரும் கற்றனர். ஆயினும் அவர்க்கெல்லாம் தமிழ் வேற்றுமொழி. தனிநாயக அடிகளார்க்கோ அது தாம் கைவிட்டிருந்த தாய்மொழி. அவர் கற்றது கருவியாகக் கொள்வதற்கன்று, மீட்டுக்கொள்வதற்கு. திருமூலர் தம்மை இறைவன் படைத்த நோக்கம் தமிழிலே அவனைப் பாடுதற்பொருட்டே என்று கூறிய கருத்தை அடிகளார் தம் வாழ்வின் குறிக்கோளாக ஏற்றுக்கொண்டு, எழுத்திலும் பேச்சிலும் பலமுறை எடுத்தாண்டார். சைவத் திருமுறையின் கருத்தொன்று கத்தோலிக்கக் குரு ஒருவரின் அழைப்பிற்கு விளக்கமாயிற்று. தமிழ் பத்தியின் மொழி என்பது அவர் துணிபு. சைவரும் வைணவரும் சமணரும் பௌத்தரும் கிறித்துவரும் இசுலாமியரும் ஒரு மொழியிலே இறைவனையும் அறத்தையும் பாடிவைத்திருக்க, அம்மொழியைப் பேணுதல் குருத்துவத்திற்குப் புறம்பான தொழிலன்று என்று அவர் கண்டார். தம் விசுவாசத்திற் சிறிதும் நெகிழாமலே இதனைக் கண்டார் என்பது குறிக்கத்தக்கது. இறுதிநாள்வரை அவர் குருவாகவே வாழ்ந்தார்.

பெயர் மாற்றமும் இதனோடு ஒட்டி வந்ததே. சேவியர் சுதனிசிலாசு என்று வழங்கியவர் நெடுந்தீவு முன்னோரின் பெயராகிய தனிநாயகத்தைத் தமக்குரியதாக்கினார். மணந்து மக்கட்பேறு பெற்றுக் குடிப்பெயரை நிறுத்துதல் துறவியார்க்கு இயலாது. இயலாத அக்கடனை அவர் இவ்வழியால் இறுத்தார் என்றே யான் கொள்கின்றேன். வேறு காரணம் கூறுவார் கூறுக.

1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்து தமிழில் முதுகலைப் பட்டமும், 1949 அளவில் இலக்கிய முதுவர் பட்டமும் பெற்றார். முப்பத்திரண்டு வயதிலே, தம்மினும் பத்தாண்டு இளையாரோடு ஒரு வகுப்பில் அமர்தல் எல்லார்க்கும் எளிதன்று. அங்கு அவர் ஆராய்ந்த பொருள் பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை என்பது. அவ்வாய்வு பின்னர் ஆங்கில நூலாக வெளிவந்து, 1966இல் வேறு தலைப்போடு மறுபதிப்பும் பெற்றது. ஐந்திணைப் பாகுபாடு நமக்கெல்லாம் இலக்கண நூற்பாவாய்ச் சுருங்கிக் கிடந்த காலம் அது. முதல், கரு, உரி என்று மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு அமைவோம். அடிகளார் அதனை எடுத்துக் கிரேக்க, உரோம, வடமொழிக் கவிதைகளின் பக்கத்தில் நிறுத்தி, நிலத்தையும் பொழுதையும் மாந்தர் உள்ளத்தோடு இத்துணை ஒழுங்குபடப் பொருத்திய மரபு தனித்தன்மையுடையது என்று காட்டினார். புன்னையும் தாழையும் உப்பங்கழியும் மீன் உணங்கும் மணலும் கரம்பனிற் பிறந்தவர்க்கு ஏட்டுச் செய்திகளல்ல. நெய்தற் பாட்டுக்களிற் கடலை நோக்கி ஏங்கும் தலைவியின் குரலை, தோணி திரும்பும்வரை துறையில் நிற்கும் பெண்டிரைக் கண்டு வளர்ந்தவர் எங்ஙனம் கேட்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். அவர் நூல்களுள் ஒன்றையே படிக்க நேரமுடைய மாணவர்க்கு யான் இதனையே சொல்வேன்.

1948இல் தூத்துக்குடியிலே தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1950ஆம் ஆண்டை ஒட்டி ஆசியா, அமெரிக்கா, ஐரோப்பா முதலிய கண்டங்களிற் சுற்றி, தமிழைக் கேள்வியுறாதார்க்கும் தமிழைப் பற்றி உரையாற்றினார். அச்செலவினால் அவர்க்குப் புலப்பட்ட உண்மை கசப்பானது. இந்தியப் பண்பாடு என்று உலகத்துப் பல்கலைக்கழகங்கள் கற்பித்ததெல்லாம் பெரும்பாலும் வடமொழியைச் சார்ந்தது. தமிழென ஒன்று உண்டென்பதை அறிந்தார் சிலரே. அவர்தாமும் ஒருவரை ஒருவர் அறியார். இந்நிலையை மாற்ற 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கினார். தமிழ் பயின்ற மேலைநாட்டறிஞரும் தமிழறிஞரும் ஒரே ஏட்டில் எழுதும் நிலையை அவ்விதழ் உண்டாக்கியது. அவ்வாண்டிலேயே 'தமிழ்த் தூது' என்னும் கட்டுரைத் தொகுதியும் வெளிவந்தது.

தமிழ் முதன்முதல் அச்சேறிய வரலாற்றைத் தமிழ் மக்கட்கு எடுத்துரைத்ததிலும் அவர்க்குப் பெரும் பங்குண்டு. அண்டிரிக்கே அடிகள் 1578இற் கொல்லத்தில் அச்சிட்ட பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' அமெரிக்காவின் ஆர்வார்டிலும், 1579இற் கொச்சியில் அச்சிட்ட 'கிரீசித்தியானி வணக்கம்' பாரிசிலும் இருந்தமையைத் தமிழுலகு அவர் எழுத்தின்வழியே பரவலாக அறிந்தது. அவரே இவற்றை முதலிற் கண்டெடுத்தார் என மேடைகளிற் கூறுவர். அது முற்றும் சரியன்று. ஆர்வார்டுப் படியைப் பற்றி மேலைநாட்டறிஞர் அதற்கு முன்னரே எழுதியுளர். அறிஞர் சிலர் ஏட்டிலே கிடந்த செய்தியைத் தமிழர் அனைவர்க்கும் உரியதாக்கினமையே அடிகளாரின் தொண்டு. அத்தொண்டு கண்டெடுத்தலினும் சிறியதன்று. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான பிறவென்சா அடிகளின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகப் படியினின்றும் எடுத்து, 1966இற் கோலாலம்பூரிலே நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார்.

1952 முதல் 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளராயிருந்தார். இடையே இலண்டன் சென்று பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து 1957இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். இலங்கையில் 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் வந்த காலம் அது. மொழியுரிமை பற்றி அடிகளார் அஞ்சாது எழுதினார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியற்றுறைப் பேராசிரியராகச் சென்று 1969 வரை அங்கிருந்தார்.

மாநாடுகளின் கதையைச் சுருங்கக் கூறுவேன். அது பலரும் அறிந்தது. 1964 சனவரி 7ஆம் நாள், கீழைத்தேய அறிஞர் மாநாட்டிற்குப் புதுதில்லியிற் கூடியிருந்தாரைக் கொண்டு உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. பிரெஞ்சுப் பேராசிரியர் பிலியோசா தலைவரானார். செக் நாட்டறிஞர் கமில் சுவெலபிலும் அடிகளாரும் செயலாளராயினர். 1966இற் கோலாலம்பூரிலும், 1968இற் சென்னையிலும், 1970இற் பாரிசிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும் மாநாடுகள் கூடின. அறிஞர்க்குக் கடிதம் எழுதுதல், அரசினரை அணுகுதல், பொருள் திரட்டுதல், கட்டுரைகளைப் பதிப்பித்தல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு மனிதனை முழுதும் விழுங்கத்தக்கது. பேராசிரியப் பணியும் குருப்பணியும் இவற்றின்மேலும் இருந்தன.

இதனால் இழப்பு நேர்ந்ததா எனின், நேர்ந்தது என்பதே என் கருத்து. அண்ணாமலையிற் செய்ததற்கு ஈடான இலக்கிய ஆய்வு நூல் வேறொன்று அவரிடமிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிற்காலத்து எழுத்துக்கள் பெரும்பாலும் கட்டுரைகள், உரைகள், பதிப்புக்கள். நெய்தலைப் பற்றி அங்ஙனம் எழுதிய கை, அழைப்பிதழ்களிலும் அறிக்கைகளிலும் தேய்ந்தது. பிறர் ஆராய்தற்கு ஒரு மன்று அமைத்துக் கொடுப்பான் வேண்டித் தம் ஆராய்ச்சியை அவர் பின்னிறுத்தினார். இதனை அவர் அறியாது செய்தார் என்று யான் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தின் இரவுகளிலே தமிழைத் தம் குருத்துவத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டவர்க்கு, தமக்கென நூல் எழுதுவதினும் பிறர்க்குத் தொண்டு செய்வதே முறையாகப் பட்டிருக்கும்.

யாழ்ப்பாணத்து மாநாட்டின் இறுதியில் நிகழ்ந்ததை இவ்விடத்தார் மறந்திலர். 1974 சனவரி 10ஆம் நாள் இரவு, வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே திரண்டிருந்த மக்களிடையே பொலிசார் புகுந்ததனால் விளைந்த அமளியிலே மின்கம்பி அறுந்து உயிர்கள் பலியாயின. உலகமெல்லாம் தமிழை எடுத்துச் சென்றவர் தம் சொந்த மண்ணிலே அதனை வரவேற்ற நாட்களின் முடிவு அங்ஙனம் ஆயிற்று.

இறுதி ஆண்டுகளில் அடிகளார் யாழ்ப்பாணத்திலேயே தங்கினார். உடல் தளர்ந்திருந்தது, பூசையும் படிப்பும் தளரவில்லை. 1980இல் தந்தை செல்வநாயகம் நினைவுப் பேருரையாகத் தமிழாராய்ச்சியின் சென்றதையும் செல்ல வேண்டியதையும் எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஆகத்து 2ஆம் நாள் அறுபத்தேழு வயது நிறைந்தது. அதன்பின் முப்பதாம் நாள், செத்தெம்பர் 1இல், யாழ்ப்பாணத்திலே காலமாயினார். ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு 1981 சனவரியில் மதுரையிற் கூடியபோது, செயலாளர் இருக்கையில் அவர் இல்லை.